பின் சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் எதற்கு என்று கேட்டவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். 2022-இல் வாங்கிய கார், ஆறு ஏர்பேக் இருக்கிறது. முன்னால் நீங்களும் மனைவியும் பெல்ட் போட்டுக்கொள்கிறீர்கள், ஏனென்றால் போடாவிட்டால் வண்டி கத்தும். பின் சீட்டில் அப்பா போட மாட்டேன் என்கிறார். "பின்னாடி உட்கார்றவனுக்கு எதுக்குடா கயிறு, நான் என்ன மாடா?" என்று கேட்கிறாராம். அம்மா மடியில் ஒன்றரை வயது மகள். ஊருக்குள் நாற்பதுக்கு மேல் போவதே இல்லை, இதற்கெல்லாம் பெல்ட் வேண்டுமா, இல்லை அபராதத்துக்குப் பயந்துதான் போட வேண்டியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, போலீசும் இல்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் இன்சூரன்ஸ் சர்வேயர். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. ஆளை நான் பார்ப்பதில்லை, ஆள் உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த இடம் நிறையப் பேசும்.

ஒன்று சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் வளாகத்தில் ஒரு காரைப் பார்க்கப் போனேன். சென்டர் மீடியனில் மோதிய வண்டி, மூக்கு நன்றாக உள்ளே போயிருந்தது, முன்னால் இரண்டு ஏர்பேக்கும் திறந்து வாடிய பூசணிப்பூ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. டிரைவர் பக்கத்து பெல்ட் ஓர் ஆள் போடுகிற அளவுக்கு வெளியே வந்து தளர்ந்து கிடந்தது, உள்ளே போக மறுத்தது. இடது பக்கத்து பெல்ட் தூணோடு ஒட்டி இரும்புப் பட்டை மாதிரி விறைத்து நின்றது, இழுத்தால் ஒரு அங்குலம்கூட வரவில்லை. இதற்கு அர்த்தம் ரொம்பச் சுலபம். மோதும்போது பெல்ட்டைச் சுருக்கி இழுக்க உள்ளே ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கிறது, அது வெடித்ததும் பெல்ட் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். டிரைவர் போட்டிருந்தார், அவர் உடம்பு அளவுக்கு வெளியே வந்த நிலையில் பூட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் போடவில்லை, தூணில் சுருண்டிருந்தபடியே பூட்டிக்கொண்டது. கிளைம் படிவத்தில் 'இருவரும் அணிந்திருந்தனர்' என்று எழுதியிருந்தார்கள். பெல்ட் பொய் சொல்லாது. இடது பக்க முன் கண்ணாடியில் தலை அளவுக்கு ஒரு நட்சத்திர விரிசல், அதற்குக் கீழே டேஷ்போர்டு ஓரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால்.

உங்கள் கேள்விக்காக நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. அந்த வண்டியில் டிரைவர் சீட்டின் முதுகுச் சட்டம் முன்பக்கமாக வளைந்திருந்தது. முன்னால் இருந்து எதுவும் அதைத் தொடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவரின் முழங்காலும் மார்பும் போய் இடித்ததில் வளைந்தது. அதாவது பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்த டிரைவருக்கு முன்னால் ஸ்டியரிங், பின்னால் ஒரு எழுபது கிலோ ஆள். நடுவில் அவர்.

பின் சீட்டில் பெல்ட் போடாதவரைப் பற்றி யோசிக்கும்போது எல்லோரும் 'அவர் உயிர், அவர் பாடு' என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பான் விபத்துக் கணக்குகளை எடுத்து அலசி 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் இருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால், முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் சாகும் அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஏறுகிறது என்று கண்டார்கள். உங்கள் அப்பா அந்தக் கயிற்றை மாட்டாமல் உட்கார்ந்தால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை, அவருக்கு நேர் முன்னால் இருப்பவருக்கும்தான். அது நீங்களா, உங்கள் மனைவியா என்பது அன்றைக்கு அவர் எந்த ஜன்னல் பக்கம் உட்காருகிறார் என்பதைப் பொறுத்தது.

சரி, அடிப்படைக்கு வருவோம். பெல்ட் நம்மைச் சீட்டில் கட்டிப்போடுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள், அதனால்தான் மாடு, கயிறு என்றெல்லாம் வருகிறது. அதன் உண்மையான வேலை வேறு. கார் எதிலாவது மோதும்போது மூக்குப் பகுதி அப்பளம் மாதிரி நொறுங்கும்படித்தான் செய்திருக்கிறார்கள். "இப்பல்லாம் தகரம் சார், அம்பாசடர் மாதிரி வருமா" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் தினம் ஒருவர் சொல்வார். நொறுங்குவதுதான் அதன் வேலை. மூக்கு அரை மீட்டர் நசுங்கினால் காரின் கூடு அந்த அரை மீட்டர் தூரத்தில் வேகம் குறைந்து நிற்கிறது. நீங்கள் பெல்ட்டால் காரோடு சேர்ந்திருந்தால் நீங்களும் அதே அரை மீட்டரில் நிற்கிறீர்கள், பெல்ட் நீள்வதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கிடைக்கிறது. சேரவில்லை என்றால்? கார் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். கார் போன பழைய வேகத்திலேயே உங்கள் உடம்பு முன்னால் போய், ஏற்கெனவே நின்றுபோன டேஷ்போர்டிலோ முன் சீட்டிலோ மோதும். அங்கே நிற்பதற்குக் கிடைக்கிற தூரம் நான்கைந்து சென்டிமீட்டர்தான்.

அரை மீட்டருக்கும் ஐந்து சென்டிமீட்டருக்கும் பத்து மடங்கு வித்தியாசம். உடம்பு வாங்குகிற அடியும் அதே பத்து மடங்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய் மோதி அரை மீட்டரில் நின்றால், உடம்பு தன் எடையைப் போல் சுமார் 12 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். வலிக்கும், ஆனால் ஆள் பிழைப்பார். ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் அது 120 மடங்கைத் தாண்டிவிடும். இந்த மொத்தக் கூத்தும் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. "மோதுற மாதிரி இருந்தா கையை ஊன்றிப்பேன்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நாற்பது ஒரு வேகமா என்று கேட்கிறீர்களே. நாற்பது கி.மீ. வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது என்பது சுமார் ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தரைத்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேலே மொட்டைமாடி. அந்த மொட்டைமாடியிலிருந்து தலைகுப்புறக் குதிக்கச் சொன்னால் உங்கள் அப்பா குதிப்பாரா? அதுவே நூறு கி.மீ. என்றால் உயரம் 39 மீட்டர். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்து உச்சி ஏறக்குறைய அந்த உயரம்தான். ஹைவேஸில் நூறில் போகிறவர் நூறிலேயே மோத மாட்டார், பிரேக் அடித்து நாற்பதுக்குக் குறைத்திருப்பார் என்பீர்கள். உண்மைதான். அப்படிக் குறைத்த பிறகும் மிச்சம் இருப்பது மொட்டைமாடி உயரம்.

'ஊருக்குள் தானே' என்கிற வாதத்துக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இப்போது நாம் போடுகிற மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன்காரர். அதற்கு முன்பு விமானிகளை ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர் அவர். ஆளைத் தூக்கி எறியும் வேலையிலிருந்து ஆளைப் பிடித்து வைக்கும் வேலைக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த விட்டது, அதனால்தான் இன்று எந்தக் காரிலும் அதே வடிவம். போலின் 1967-இல் ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளின் கணக்கை வெளியிட்டார். அதில் மணிக்கு 60 மைலுக்கு, அதாவது சுமார் 97 கி.மீ.க்குக் கீழே நடந்த விபத்துகளில் பெல்ட் போட்டவர் ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. போடாதவர்கள் குறைந்த வேகம், அதிக வேகம் என்றில்லாமல் எல்லா வேகத்திலும் இறந்திருந்தார்கள். அந்தக் காலத்துக் காரில் ஏர்பேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வெறும் பெல்ட். மூன்று வருடம் கழித்து, 1970 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகிலேயே முதல்முறையாக பெல்ட் போடுவதைச் சட்டமாக்கியது.

இப்போது ஏர்பேக். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஏர்பேக் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், எஸ்ஆர்எஸ் என்று இருக்கும். அதில் முதல் எழுத்துக்கு அர்த்தமே 'துணை'. பெல்ட் மூலவர், ஏர்பேக் உற்சவர் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பை முப்பது மில்லிவிநாடி அளவில் ஊதி முடித்துவிடும், கண் சிமிட்டுவதற்குள் மூன்று தடவை ஊதலாம் என்கிற வேகம். பெல்ட் போட்டவர், பை முழுதாக ஊதி, காற்று வெளியேறத் தொடங்கும் நேரத்தில் தலையைக் கொண்டுபோய் அதில் சாய்க்கிறார், மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். பெல்ட் போடாதவர் பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்து, பை வெடித்துக் கிளம்புகிற இடத்துக்கே முகத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். அப்போது அது மெத்தை இல்லை, குத்துச்சண்டைக்காரன் கை. ஸ்டியரிங்குக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக்கே திறக்காது என்று ஊர் முழுக்க ஒரு பேச்சு உண்டு. எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது, திறந்த வண்டிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், திறந்ததுதான் பிரச்சினையாகியிருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. இடது பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடிக்கு மேலேயே பிள்ளையார் சிலையை ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த மூடி திறந்தால் பிள்ளையார் யார் முகத்துக்கு நேராக வருவார் என்று யோசித்து, நடுவில் தள்ளி வையுங்கள்.

உங்கள் ஆறு ஏர்பேக் கணக்குக்கு வருகிறேன். ஆறில் இரண்டு முன்னால் இருப்பவர்களின் முகத்துக்கு, இரண்டு முன் சீட்டுக்காரர்களின் விலாப்பக்கத்துக்கு, மீதி இரண்டு ஜன்னல் ஓரமாக மேலிருந்து திரை மாதிரி இறங்கும். அந்தத் திரை பின் சீட் வரை வரும், பக்கவாட்டு மோதலில் தலையைக் காப்பாற்றும். நேருக்கு நேர் மோதினால் உங்கள் அப்பா அம்மாவுக்கு முன்னால் விரிய அங்கே எந்தப் பையும் கிடையாது. முன் சீட்டுக்காரர்களுக்குப் பெல்ட்டும் பையும் உண்டு, பின்னால் இருப்பவர்களுக்குப் பெல்ட் ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்கிறோம்.

2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். அகமதாபாத்திலிருந்து மும்பை வரும் நெடுஞ்சாலையில், பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்பில் கார் மோதியது. விலை உயர்ந்த சொகுசு கார், ஏர்பேக்குக்கும் குறைவில்லை. முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும், மிஸ்திரியும் கூட வந்தவரும், இறந்துபோனார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. மோதிய இடம் மூக்கு. இறந்தவர்கள் பின்னால். முன்பெல்லாம் பின் சீட் பத்திரமானது என்று சொன்னால் தலையாட்டுவார்கள், அந்த வாரம் முழுக்க என் போன் அடித்தபடியே இருந்தது.

அம்மா மடியில் மகள். இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை பத்து கிலோ இருக்கும். மேலே சொன்ன அதே நாற்பது கி.மீ. மோதலில் அந்தப் பத்து கிலோ அந்த ஒரு கணத்துக்கு 125 கிலோ ஆகிவிடும். அரிசிக் கடையில் 25 கிலோ சிப்பம் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஐந்து சிப்பம் ஒரே இழுப்பில் முன்னால் பாய்கிறது. உங்கள் அம்மா கையால் பிடித்து நிறுத்த முடியுமா? பாசத்தில் குறைவில்லை, கையில் அந்த வலு கிடையாது, எந்தப் பயில்வானுக்கும் கிடையாது. பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டுக்கொள்வார்கள் சிலர். அது இன்னும் மோசம், பாட்டியின் முழு எடையும் பெல்ட்டுக்கும் தனக்கும் நடுவில் இருக்கிற குழந்தையைத்தான் நசுக்கும். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே நிற்க வைத்து வேடிக்கை காட்டுவது, சன்ரூஃபில் தலையை நீட்ட விடுவது, இதையெல்லாம் பற்றிப் பேசினால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

குழந்தை இருக்கை வாங்குங்கள். 2022 வண்டி என்றால் பின் சீட்டின் முதுகும் அமரும் பகுதியும் சேருமிடத்தில் கையை விட்டுப் பாருங்கள், ஐசோஃபிக்ஸ் கம்பிகள் தட்டுப்படும், அதில் மாட்டுகிற மாதிரி பார்த்து வாங்கினால் பொருத்துவது சுலபம். அந்த வயதுக்குக் குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்வதுதான் நல்லது, முன் சீட்டில் ஏர்பேக்குக்கு எதிரே அப்படி வைக்கவே கூடாது. வளர வளர அடுத்த அளவு இருக்கை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 135 செ.மீ. உயரம் வரும்வரை இது தேவை. அழுவாள், முதல் பத்து நாள் நன்றாகவே அழுவாள். பள்ளிக்கூடம் சேர்க்கும்போதும் அழத்தான் போகிறாள்.

அப்புறம் 'கிணற்றில் விழுந்தால் பெல்ட்டில் மாட்டிக்கொள்வோமே' என்ற கேள்வி. நம்மூரில் ரோட்டோரம் தடுப்பில்லாத கிணறுகள் இருப்பதால் இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தீப்பிடித்தால் என்பதும் இதே ஜாதி. என் அனுபவத்தில் எரிந்துபோன கார்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஒயரிங் கோளாறு, நின்ற இடத்தில் எரிந்தவை. மோதியதால் எரிந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். தண்ணீரோ தீயோ, வெளியே வர முதல் தேவை நினைவு தப்பாமல் இருப்பது. கிணற்றுச் சுவரில் இடிக்கும்போது தலை அடிபட்டு மயங்கிவிட்டால் பெல்ட் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். முழித்திருந்தால் சிவப்புப் பட்டனை அமுக்க ஒரு விநாடி. வெளியே தூக்கி எறியப்பட்டதால் ஒருவர் பிழைத்தார் என்ற கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும், எறியப்பட்டுத் தன் வண்டிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டவர்களின் கதையை யாரும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதில்லை.

பெல்ட்டே காயம் உண்டாக்காதா என்றால், உண்டாக்கும். நெஞ்சுக்குக் குறுக்கே கன்றிப்போகும், காறை எலும்பு உடையலாம், வயதானவர்களுக்கு விலா எலும்பு விரிசல் விடலாம். அதைக் குறைக்கத்தான் முன் சீட் பெல்ட்டுகளில், விசை ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே ஒரு தண்டு முறுக்கிக்கொண்டு பெல்ட்டைச் சற்றே விட்டுக் கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். அதே போல பெல்ட் சர்வரோக நிவாரணியும் இல்லை. ராத்திரியில் விளக்கில்லாமல் நிற்கிற லாரிக்கு அடியில் கார் சொருகிக்கொண்டால், மூக்கு நசுங்குவதற்கு முன்பே லாரியின் பின்பலகை கண்ணாடிக்கு வந்துவிடும், அங்கே பெல்ட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். முன் சீட்டில் சாவும் அபாயத்தைப் பாதியளவு குறைக்கிறது என்பார்கள். மீதிப் பாதிக்கு நிதானமும் நல்ல டயரும்தான்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 194பி பிரிவின்படி பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய். 14 வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே 1,000. முன்னே பார்த்து அமைந்த பின் சீட்டில் இருப்பவரும் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பே இருக்கிறது, 138-ஆவது விதி. மிஸ்திரி விபத்துக்குப் பிறகு வந்த புதுச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக வந்தது சட்டம் இல்லை, கவனம்தான். 2022-இல் பெல்ட் போடாததால் இந்தியாவில் இறந்ததாக மத்திய அரசு கணக்குக் காட்டியது 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384, கூட வந்தவர்கள் 8,331. கிட்டத்தட்டச் சரிபாதி. ஸ்டியரிங்கையே தொடாத ஆட்கள் எட்டாயிரம் பேருக்கு மேல், ஒரே வருடத்தில்.

கொடுமை என்னவென்றால், பெல்ட் போடாமலே சத்தத்தை மட்டும் நிறுத்துவதற்கென்று ஒரு பொய்க் கொக்கி விற்றார்கள். வெறும் உலோக நாக்கு, அதைச் சொருகிவிட்டால் வண்டி நம்பிவிடும். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பக்கங்களை எடுக்க வைத்தது. கொக்கி வாங்கக் காசில்லாதவர்கள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். வாடகைக் கார்களில் அந்தத் தடம் பெல்ட் துணியிலேயே தெரியும், நடுவில் மடிந்து மெழுகு ஏறியிருக்கும்.

போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், தொப்பை இருந்தால் தொப்பைக்குக் கீழே. வயிற்றில் எலும்பு கிடையாது, குடல்தான் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இதே கதைதான், வயிற்றுக்கு அடியில் இடுப்போடு ஒட்டி ஒரு பட்டை, இரண்டு மார்புக்கும் நடுவே மேல் பட்டை, ஏழாவது மாதத்தில் பெல்ட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. மேல் பட்டை தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் காறை எலும்பில் போக வேண்டும். கழுத்தை அறுக்கிறது என்று அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்கிறார்கள், தப்பு, முழு விசையும் விலாவில் இறங்கும். முன் சீட் என்றால் தூணில் இருக்கும் பிடியை அமுக்கி உயரத்தைக் குறைக்கலாம், பல வண்டிகளில் அந்த வசதி உண்டு. பட்டுப்புடவை கசங்கும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சீட்டைக் கட்டில் மாதிரி சாய்த்துத் தூங்கிக்கொண்டே பெல்ட் போடுவதும் வேண்டாம், மோதும்போது உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். மோதலில் ஒரு தடவை பாரம் வாங்கிய பெல்ட்டை மாற்றச் சொல்லுங்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நார் இழுபட்டிருக்கும்.

உங்கள் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனம் உண்டா என்றால், சந்தேகம்தான். என் மாமனார் நான்கு வருடம் இதேபோல மறுத்தார். கபாலீஸ்வரர் கோபுரம், அரிசிச் சிப்பம், எல்லாம் சொல்லிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போதுதான் எனக்கே உறைத்தது. வண்டி வாங்கின வாரமே ஆசையாகப் போட்ட ரெக்சின் சீட் கவர், பின் சீட்டில் பெல்ட்டைச் சொருகும் பக்கிள் மூன்றையும் மொத்தமாக மூடித் தைத்திருந்தது. அவர் போட நினைத்திருந்தாலும் போட முடிந்திருக்காது. எங்கே சொருகுவது என்று மாப்பிள்ளையிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறார் மனுஷன். வருடக்கணக்கில் அடிபட்ட வண்டிகளின் பெல்ட்டை ஆராய்கிற ஆள் வீட்டில் இந்த லட்சணம். பிளேடால் கவரை மூன்று இடத்தில் கீறினேன். உள்ளே வேர்க்கடலைத் தோல், ஒரு இரண்டு ரூபாய்க் காசு, பழனி விபூதிப் பொட்டலம் ஒன்று, அதற்கடியில் பக்கிள்கள்.

அடுத்த வாரம் திருவண்ணாமலை போனோம். ஏறி உட்கார்ந்து வெடுக்கென்று இழுத்தார், பாதியில் நின்றுவிட்டது. "பாருங்க மாப்ள, இது வரமாட்டேங்குது, ரிப்பேர்" என்றார், சந்தோஷமாகவே. வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதுதான் அதன் வேலை என்று சொல்லி, "மெதுவா இழுங்க மாமா" என்றேன். மெதுவாக இழுத்தார், வந்தது, சொருகினார், டக்கென்று சத்தம் கேட்டது. செங்கம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. கோயில் வாசலில் எல்லோரும் இறங்கிவிட்டோம், அவர் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், கழற்றத் தெரியவில்லை. குனிந்து அந்தச் சிவப்புப் பட்டனைக் காட்டினேன்.